முதலில் ஓம், இல்லாவிட்டால் இல்லை

அந்த அக்காவிடம் எதைக் கேட்டாலும் முதலில் ஓம் வரும், இல்லாவிட்டால் இல்லை வரும். காரணம் பிறகுதான். சில வேளை காரணம் வராமலே போய்விடும்.

முதன்முதலாக நான் இதில் அடிபட்டது என் மகளின் கிற்றாவில். வேலைக்குப் போகிறவர்கள் சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்துக்கு இங்கே ஜெர்மனியில் அதுதான் பெயர். நொய்கெல்னில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அக்கா அங்கே ஆசிரியை. முதல் கிழமை மகளைக் கூட்டிவரப் போனபோது, எல்லாத் தாய்மாரும் கேட்பதுபோல, "பிள்ளை சாப்பிட்டவளோ?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றார்.

மற்ற ஆசிரியைகள் என்றால் கொஞ்சம் சாப்பிட்டாள், நாளைக்கு இன்னும் சாப்பிடுவாள் என்று சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பார்கள். நானும் பாரமில்லாமல் வீட்டுக்குப் போயிருப்பேன். இவர் இல்லை என்று சொல்லி, என் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான், உருளைக்கிழங்கை ஒதுக்கிவைக்கிறாள், சோறு கொடுத்துவிடுங்கோ என்றார். அடுத்த நாள் சோறு கொடுத்துவிட்டேன், சாப்பிட்டாள். ஆனாலும் அந்த இல்லை கனநாள் நெஞ்சுக்குள் குத்திக்கொண்டே கிடந்தது.

எங்கள் சனத்திடம் இல்லை என்பது இலேசில் வராது. கலியாணத்துக்கு வருவியளோ என்றால் பார்ப்பம். வீடு மாறுகிறோம், சாமான் தூக்க வருவியளோ என்றால் பார்ப்பம். வரப்போவதில்லை என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும், ஆனால் ஒருவர் முகமும் வாடாது. ஜெர்மன்காரரும் இதில் எங்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. மால் ஷவுன் என்பார்கள், அதுவும் பார்ப்பம்தான். இந்த இரண்டு சனத்துக்கும் நடுவில் வளர்ந்த ஒருத்திக்கு அந்த ஒரு சொல் மட்டும் எப்படி ஒட்டாமல் போனது என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட ஆளைத்தான் ஒரு சின்னக் கட்சி எங்கள் தொகுதியில் நாடாளுமன்றத் தேர்தலுக்கு நிறுத்தியது. கேள்விப்பட்ட அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். வெல்லாத தொகுதிக்கு யாராவது தலை கொடுக்க வேண்டாமா என்றார் என் கணவர்.

அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து பத்து வயதில் வந்தவர். அவருடைய தமிழும் அந்த வயதிலேயே நின்றுவிட்டது. ஜெர்மனில் பேசினால் பத்திரிகைக்காரர் தலையாட்டிக் குறிப்பெடுப்பார்கள். தமிழில் என்றால் வாடகைக் கொள்கை, காலநிலைக் கொள்கை எல்லாம் ஒரு சின்னப் பிள்ளையின் வாயால் வந்தன. "வீடு இருக்கிறதுக்கு. விக்கிறதுக்கு இல்லை." "சூடு கூடுது. கார் குறைய வேணும். உங்கட காரும்தான்." கோயில் மண்டபத்தில் தமிழருக்கென்று ஒரு கூட்டம் வைத்தார்கள். நாங்கள் கத்தோலிக்கர், ஆனால் தமிழ்க் கூட்டமென்றால் எல்லாருக்கும் முருகன் மண்டபம்தான். தேருக்கு றோட்டு மறித்துத் தருவியளோ என்று கோயில்காரர் ஒருவர் கேட்டார். இல்லை என்றார். அது நகரசபையின் வேலை, நாடாளுமன்றத்தின் வேலை இல்லை என்று அவர் விளக்குவதற்குள் மண்டபம் சலசலக்கத் தொடங்கிவிட்டது. பென்சன் வயதைக் குறைப்பியளோ என்று ஒரு ஐயா கேட்டார். அதற்கும் இல்லை. ஆனால் முதுகு முறிய வேலை செய்தவர்கள் முந்திப் போகலாம் என்பது அவருடைய இரண்டாவது வசனம். அந்த ஐயா முப்பது வருடம் உணவகத்தில் பாத்திரம் கழுவி முதுகு முறிந்தவர், அந்த வசனம் அவருக்காகவே சொன்னது. அவரோ முதல் சொல்லோடு எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

ஜெர்மனி வெளிநாடுகளுக்கு ஆயுதம் விற்கலாமோ என்று யாரோ கேட்டபோது மட்டும் அவர் கண்ணை மூடினார். பிறகு இல்லை என்றார். என்ன காரணம் சொன்னார் என்று எனக்கு இப்போது நினைவில்லை. கண்ணை மூடியதுதான் நினைவில் நிற்கிறது.

கூட்டம் முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எங்கட பிள்ளை என்றார்கள். கைதட்டியவர்களில் பாதிப் பேருக்கு இந்த நாட்டில் வாக்கே கிடையாது. வாக்கு இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் அன்றைக்கே ஒரு இல்லை சொல்லியிருந்தார்.

ஸொன்னனலே தெருப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணை ஒருவர் அவருடைய படத்தைக் கண்ணாடியில் ஒட்டுவதாகச் சொல்லி, பசைநாடாவையும் கையில் எடுத்துவிட்டார். கடைக்கு மேலே இரண்டு வீடு அவருக்குச் சொந்தம், வாடகைக்கு விட்டிருந்தார். வாடகையைக் கூட்டக்கூடாது என்கிறியளே பிள்ளை, அது பெரிய கொம்பனிகளுக்குத்தானே என்று சிரித்துக்கொண்டு கேட்டார். நான் பின்னால் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். ஓம் என்று மட்டும் சொல்லிவிடு என்று மனதுக்குள் மன்றாடினேன். அக்கா சொன்னது, "இல்லை அண்ணை. உங்களுக்கும்தான்." அண்ணை பசைநாடாவைத் திரும்ப லாச்சிக்குள் வைத்தார். படத்தைச் சுருட்டி மரியாதையாகவே அவர் கையில் கொடுத்தார். வெளியே வந்ததும், ஏன் அக்கா, ஒரு பார்ப்பம் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டேன். அவர் அந்தப் படத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நாளைக்கு உங்கள் மகளுக்கு மாற்றுச் சப்பாத்து கொண்டுவாருங்கோ, மழை என்றார்.

கடைக் கண்ணாடியில் இடமில்லாமல் போன படம் எங்கள் தெரு விளக்குக் கம்பத்தில் தொங்கியது. இரண்டாம் நாளே யாரோ அதற்கு மீசை வரைந்து, கீழே உன் நாட்டுக்குப் போ என்று எழுதிவிட்டார்கள். அதைப் பார்த்து, கோபமோ அக்கா என்று கேட்டேன். ஓம் என்றார். என் தம்பிதான் ஏணி வைத்து ஏறி அதைத் துடைத்தான். மறுபடி எழுதினார்கள், மறுபடி துடைத்தான். உன் நாட்டுக்குப் போ என்ற கடிதம் எந்த நாளும் வரலாம் என்று காத்திருந்தவன் அவன்தான்.

தம்பியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். அவனில்லாமல் அந்த அக்காவைப் பற்றி எனக்கு நினைக்கத் தெரியாது.

நானும் அம்மாவும் முதலில் வந்து, இருந்து, இந்த நாட்டுக் குடிமக்களாகிவிட்டோம். தம்பி எங்களைப் பெற்ற ஐயாவோடு ஊரில் நின்றவன். ஐயா செத்த பிறகு ஏஜென்சி பிடித்து வந்தான். வந்து இறங்கும்போது வேறு பெயர் சொல்லு, பாஸ்போட்டைக் கிழித்துப் போடு, பெயர் தெரியாத ஆளை ஒருத்தராலும் திருப்பி அனுப்ப ஏலாது என்று ஏஜென்சிக்காரன் சொல்லிக்கொடுத்திருந்தான். முந்தி வந்த எங்கள் ஆட்கள் எத்தனையோ பேருக்கு அது சரிவந்திருக்கிறது. இவனும் அப்படியே செய்தான். வழக்கு தோற்றது. டுல்டுங் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். இப்போதைக்கு அனுப்பமாட்டோம் என்பதுதான் அதன் அர்த்தம். சில மாதத்துக்கு ஒருமுறை டெர்மீன் என்று ஒரு நேரம் எடுத்து, வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், அதை நீட்டிக்கொண்டு வர வேண்டும்.

இதற்கிடையில் ஒரு முதியோர் இல்லத்தில் அவனுக்குப் பராமரிப்புப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அவனை அங்கேயிருந்த கிழவர்களுக்குப் பிடித்திருந்தது. அவன் வந்தால்தான் சவரம் செய்யலாம் என்று ஒருவர் தாடியோடு காத்திருப்பாராம். பயிற்சி தொடங்கினால் அது முடியும்வரை அனுப்பமாட்டார்கள். ஆனால் அதற்கு உண்மைப் பெயர் வேண்டும், ஊர்ப் பாஸ்போட் வேண்டும்.

சொல்வதா, வேண்டாமா? வக்கீலிடம் போனோம். இரண்டு பக்கமும் இருக்கிறது, மால் ஷவுன் என்றார். பெரிய கட்சிக்காரர் ஒருவரின் அலுவலகத்தில் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். இது சிக்கலான விஷயம், கவனத்தில் எடுக்கிறோம் என்று கைகுலுக்கி அனுப்பினார்கள். பாதிரியார் செபிப்போம் என்றார். வீட்டில் ஒருத்தருக்கும் ஒழுங்கான நித்திரை இல்லை. அம்மா வாசல் மணி அடித்தாலே செபமாலையைத் தேடினார்.

அந்த நாட்களில்தான் அக்கா துண்டுப்பிரசுரப் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளுக்கு ஒரு படம் கீறிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தம்பி குசினி வாசலில் நின்றபடியே கேட்டான், உண்மைப் பெயரைச் சொல்லட்டோ என்று.

"ஓம்" என்றார் அக்கா. பென்சிலைக் கீழே வைத்தார். "பொய்ப் பெயரில படிச்சால் சாகும்வரைக்கும் அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு திரிய வேணும். ஆஸ்பத்திரியில செத்தாலும் அந்தப் பெயர்தான் எழுதுவினம். சொல்லுங்கோ தம்பி."

வக்கீலையும் கேளுங்கோ என்று அதற்குப் பிறகு சொன்னார், அது உண்மை. ஆனால் வக்கீல் சொன்னதில் பிடித்துத் தொங்க ஒரு கொப்பும் இல்லை. தண்ணீரில் தாழ்கிறவனுக்கு யார் கை நீட்டுகிறாரோ அவர்தான் கண்ணுக்குத் தெரிவார். தம்பி அந்த ஓமைப் பிடித்துக்கொண்டான். பெயரைச் சொன்னான். இங்கேயே உள்ள எங்கள் நாட்டுத் தூதரகத்துக்குப் போய்ப் பாஸ்போட்டுக்குக் கொடுத்தான். வந்ததும் அதைக் கொண்டுபோய் அலுவலகத்தில் ஒப்படைத்தான். திரும்பி வந்து என்னிடம், பாரம் குறைஞ்ச மாதிரி இருக்குது அக்கா என்றான். அன்றைக்கு அவன் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டான்.

தேர்தல் நெருங்கியது. எனக்குள் ஒரு பேராசை வளர்ந்தது. இவர் வென்றால் தம்பி தப்புவான் என்று அம்மா நம்பத் தொடங்கியிருந்தார், அந்த நம்பிக்கை எனக்கும் தொற்றிவிட்டது. நான் காலையில் அலுவலகங்களைத் துடைக்கிற வேலை செய்தேன். துடைக்கும்போதெல்லாம் அவர் வென்று நாடாளுமன்றத்தில் எங்கள் தம்பியின் பெயரைச் சொல்வதாக நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் கிற்றா வாசலில் வைத்துக் கேட்டேவிட்டேன்.

"நீங்கள் வெண்டால் தம்பியை அனுப்பாமல் மறிப்பியளோ அக்கா?"

"இல்லை" என்றார். "என்னால ஏலாது. சட்டத்தை மாத்தக் கேப்பன். ஒரு ஆளுக்காக மறிக்க ஒரு எம்பியாலும் ஏலாது."

எனக்கு ஆத்திரம் வந்தது. எனக்குச் சொல்லாவிட்டால் பரவாயில்லை, அம்மாவுக்காவது பார்ப்பம் என்று ஒரு சொல் சொல்லுங்கோ, அவ பாவம் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். உள்ளேயிருந்து பிள்ளைகள் கத்தும் சத்தம் கேட்டது. அவர் கதவை ஒரு கையால் பிடித்தபடி நின்றார்.

"பின்னேரம் ஆனால் பிள்ளைகள் கேக்கும், அம்மா இப்ப வருவாவோ எண்டு. ஓம் எண்டால் விளையாடும். இல்லை எண்டால் கொஞ்சம் அழும், பிறகு விளையாடும். பார்ப்பம் எண்டு சொன்னால் அழாது. கதவையே பார்த்துக்கொண்டு இருக்கும். சாப்பிடாது. நான் அதை ஒரு பிள்ளைக்கும் சொல்ல மாட்டன்."

என் அம்மா கிற்றாப் பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டு, மகளின் கையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் வழக்கம்போல, பிள்ளை சாப்பிட்டாள், பிள்ளை சாப்பிடவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தேர்தலுக்கு முந்தின கிழமை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லா வேட்பாளரையும் மேடையில் இருத்தினார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பச்சை அட்டை, ஒரு சிவப்பு அட்டை. கேள்வி கேட்டவுடன் ஆம் என்றால் பச்சையும் இல்லை என்றால் சிவப்பும் தூக்க வேண்டும், பேச்சு பிறகு. இப்படி ஒரு விளையாட்டு அக்காவுக்கென்றே கண்டுபிடித்ததுபோல இருந்தது. மற்றவர்கள் இரண்டையும் சேர்த்துத் தூக்கினார்கள், பக்கவாட்டில் பிடித்தார்கள், ஒருவர் அட்டையால் விசிறிக்கொண்டு சபையைச் சிரிக்கவைத்தார். அக்காவின் கை மட்டும் கேள்வி முடியமுன் மேலே நின்றது. வாடகை, பச்சை. ஆயுதம், சிவப்பு. நிராகரிக்கப்பட்ட அகதிகளை இன்னும் விரைவாக அனுப்ப வேண்டுமா? சிவப்பு. நானும் தம்பியும் பின்வரிசையில் இருந்தோம்.

சபையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்தார். நல்ல முகம், அமைதியான குரல். பெயரை மாற்றிச் சொல்லி எங்களை ஏமாற்றியவர்களையுமா வைத்திருக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். அக்காவின் பக்கத்தில் நின்ற கட்சி இளைஞன் குனிந்து, தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லு என்று காதுக்குள் சொன்னான். அது மைக்கில் விழுந்து எங்கள் பின்வரிசைவரை கேட்டது.

அக்கா பச்சையைத் தூக்கினார்.

மண்டபம் ஊ என்றது. சிலர் எழுந்து போனார்கள். அந்தக் கட்சி இளைஞன் கையால் முகத்தை மூடிக்கொண்டான். தம்பி அழுதான். நானும் அழுதேன், ஆனால் எதற்கென்று எனக்குத் தெளிவில்லை. எங்களுக்காக ஒருத்தி இந்த நாட்டில் பகிரங்கமாகக் கை தூக்கியதற்கா, அந்தக் கை தூக்கியதாலேயே அவர் தோற்கப்போகிறார் என்று தெரிந்ததற்கா? யூ-பான் ரயிலில் வந்து இறங்கும்போது தம்பி, அவ பொய் சொல்ல மாட்டா அக்கா, எனக்குச் சொன்னதும் சரியாத்தான் இருக்கும் என்றான்.

தேர்தலன்று அம்மா சேலை கட்டிக்கொண்டு என்னோடு வாக்குச்சாவடிக்கு வந்தார். இந்த நாட்டில் அவர் போட்ட முதல் வாக்கு. வெளியே வந்தபோது முகத்தில் ஒரு திருப்தி. பிள்ளைக்குப் புள்ளடி போட்டேன் என்றார். பிறகு, ஊரில் போடுவதுபோல வேறு இரண்டு பேருக்கும் விருப்பு வாக்குப் போட்டேன், அவர்களும் கோவிக்கக்கூடாது, நாளைக்கு அவர்களிடமும் போய்க் கேட்க வேண்டி வரலாம் என்றார். இங்கே சீட்டில் வேட்பாளர் பக்கத்தில் ஒரு புள்ளடிதான் போடலாம், மூன்று போட்டால் வாக்குச் செல்லாது. நான் அதை அவருக்குச் சொல்லவில்லை. அக்கா அன்று நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வந்தார். அம்மாவின் ஒரு வாக்கால் ஒன்றும் ஆகியிருக்காது.

திங்கட்கிழமை அவர் வழக்கம்போல கிற்றாவில் பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். கவலையோ என்று கேட்டேன். ஓம் என்றார்.

குளிர் தொடங்கியபோது பயிற்சி அனுமதிக்குப் போட்ட விண்ணப்பத்தை நிராகரித்துக் கடிதம் வந்தது. பல வருடம் பொய்ப் பெயரில் இருந்ததால் சலுகை கிடையாதாம். வக்கீல் இந்த முறை மால் ஷவுன் சொல்லவில்லை. பெயர் தெரியாத ஆளை அனுப்ப முடியாமல் இருந்தது, இப்போது பெயரும் தெரியும், பாஸ்போட்டும் அவர்கள் கையில் என்றார். அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை.

அடுத்த டெர்மீனுக்கு நானும் தம்பியோடு போனேன். காலை பத்து மணி. அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். ஜக்கெற்றை வைத்திரு, உள்ளே சூடு என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அந்தக் கதவால் அவன் திரும்பி வரவில்லை. நான் போய்க் கேட்டபோது ஒரு பெண் மிகவும் மரியாதையாக, நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார். பின்னேரம் அவன் தொலைபேசி எடுத்தான். "கொண்டுபோகினம் அக்கா. அம்மாட்டச் சொல்லாதை, நானே ஊரில இருந்து எடுத்துச் சொல்லுறன்." அந்தப் பேச்சில் அவன் அந்த அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அம்மாவுக்கு எப்படிச் சொல்லாமல் விடுவது? ஜக்கெற்றை என் கையில் பார்த்தவுடனே அவருக்கு விளங்கிவிட்டது.

அக்கா கேள்விப்பட்டு அடுத்த நாள் வந்தார். வேலையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், சட்டைக் கையில் பச்சை வர்ணம் காய்ந்து கிடந்தது. நான் கதவைத் திறந்துவிட்டு விலகி நின்றேன். எனக்கு அவர் மேல் கோபமும் இருந்தது, அவரைக் கட்டிப்பிடித்து அழவும் வேண்டும்போல இருந்தது. அவர் போய் அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். அம்மா அவருடைய கையைப் பிடித்தார்.

"பிள்ளை, நீ ஒண்டும் மறைக்க மாட்டாய். எல்லாரும் எனக்குப் பேய்க்காட்டினம். நீ சொல்லு. அவன் திரும்பி வருவானோ?"

எனக்குப் பதில் தெரியும். வக்கீல் காலையில்தான் சொல்லியிருந்தார், இனி வருடக்கணக்கில் அவன் இந்த நாட்டுக்குள் கால் வைக்க முடியாது, அம்மாவின் வயதுக்கு அது ஒருபோதும் வரமாட்டான் என்பதுபோலத்தான். அக்காவுக்கும் தெரியும், நான்தான் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அந்த இல்லைக்காகக் காத்திருந்தேன். அவருடைய வாய் திறந்தது, மூடியது. என்னை ஒருமுறை பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நிலைப்பாடு ஒன்றும் இல்லாத ஒரு முகம்.

"பார்ப்பம் அன்ரி" என்றார்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. பார்த்தியோ, பிள்ளையே சொல்லுது என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைக்க எழுந்து போனார். இந்தச் சொல்லுக்காகத்தான் கிற்றா வாசலில் நான் அவரிடம் கெஞ்சி நின்றேன்! கிடைத்தபோது என் தம்பி இனி வரமாட்டான் என்பது எனக்கு முழுவதுமாக விளங்கியது. அக்கா நிலத்திலிருந்து எழும்ப நேரம் எடுத்தது. தேத்தண்ணியைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை.

அந்த வருடம் முடியமுன் அவர் வேலையை விட்டு வேறு நகரத்துக்குப் போய்விட்டார். பிறகு எந்தத் தேர்தலிலும் அவருடைய படத்தை நான் காணவில்லை. அவரைப் பற்றி இன்றைக்கும் என்னிடம் யாராவது கேட்டால், நல்லவர் என்று மட்டும் சொல்வேன்.

அம்மா அன்றைக்கே தன் கதிரையைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டார். இப்போதும் அது அப்படியேதான் இருக்கிறது. தம்பி ஊரிலிருந்து பேசுகிறான், அம்மா கதவைப் பார்த்தபடியே அவனோடு கதைக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் பிறகு வாறன் என்கிறார். மத்தியானத்தில் என் கணவர் வேலையிலிருந்து தொலைபேசி எடுத்து, மாமி சாப்பிட்டாவோ என்று கேட்பார்.

இல்லை என்கிறேன்.